வேப் கருவிகளைப் பொழுதுபோக்காகக் கற்க விருப்பம்: முதலில் எதை வாங்குவது?

பாயான்பாரு தம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பழுதுபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சிகரெட்டை விட்டுவிட்டு, திரவக் குப்பியை மாற்றிப்போடும் 'பாட்' வகை வேப் கருவிக்கு (மின்சிகரெட்) மாறினேன். இன்று வரை அதுவேதான். எங்கள் பிரிவில் ஒரு மலாய் நண்பர் தம் கருவிக்கு வேண்டிய காயிலை, அதாவது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருளை, தாமே சுற்றிக்கொள்கிறார். ஓய்வு நேரத்தில் மேசையில் துணியை விரித்து, கம்பியும் இடுக்கியும் பஞ்சுமாக அவர் உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கை துறுதுறுக்கிறது. நாள் முழுவதும் சாலிடரிங் செய்கிறவனுக்கு இந்த வேலை பிடிக்காமல் போகுமா?

ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் பித்தளையில் செய்த மெக்கானிக்கல் மோட் (மோட் என்பது பேட்டரி வைக்கும் உடல்பகுதி) ஒன்றை எடுத்துக் காட்டி, "இதில் தொடங்கினால்தான் பொழுதுபோக்கு" என்றார். பேட்டரியையும் சேர்த்தே தருகிறாராம். நான் 400 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

செந்தூல் கம்பிக்காரர் எழுதியது:

தம்பி, அந்த மோட்டை வாங்க வேண்டாம். நான் மெக்கானிக்கல் மோட் வைத்திருப்பவன்தான், அதன் அழகு எனக்கும் தெரியும். ஆனாலும் புதிதாக வருகிறவர் கையில் முதல் கருவியாக அதைக் கொடுப்பது பெரிய தவறு.

அதற்குள் மின்சுற்றுப் பலகை கிடையாது. உலோகக் குழாய், பொத்தான், பேட்டரி, அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால் பேட்டரியின் முழு மின்னழுத்தமும் நேரே காயிலுக்குப் போகும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட் காட்டும். காயில் 0.5 ஓம் என்றால் ஏறத்தாழ 8 ஆம்பியர், ஆபத்தில்லை. 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். 0.1 ஓம் என்றால் 42 ஆம்பியர். பொதுவாக இந்தக் கருவிகளில் போடும் 18650 அளவுப் பேட்டரிகள் தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு அன்று அது. காயிலின் கால் (கம்பியின் நுனி) எங்கேயாவது உலோகத்தில் இடித்து ஷார்ட் ஆனால் கணக்கே இல்லை. தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் கிடையாது. நீங்கள் மின்னணுத் துறைக்காரர், இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ரெகுலேட்டட் மோட்டில் தொடங்குங்கள். அதில் இருக்கும் சிப் காயிலின் ஓம் அளவைப் பார்க்கும், ஷார்ட் இருந்தால் சூடேற்ற மறுக்கும், பேட்டரி வடிந்தால் தானே நிறுத்திக்கொள்ளும்.

பழைய ஆட்கள் பலருக்கும் தெளிவில்லாத ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ரெகுலேட்டட் மோட்டில் பேட்டரியிலிருந்து எவ்வளவு ஆம்பியர் இழுக்கப்படுகிறது என்பதைக் காயிலின் ஓம் முடிவு செய்வதில்லை. நீங்கள் வைக்கும் வாட் அளவுதான் முடிவு செய்கிறது. அதுவும் பேட்டரி வடிய வடிய ஆம்பியர் கூடும், ஏனென்றால் அதே வாட்டைக் குறைந்த வோல்ட்டில் தர வேண்டியிருக்கிறது. ஒற்றைப் பேட்டரி மோட்டில் 60 வாட் வைத்தால், பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்தில், சிப்பின் திறன் 90 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 21 ஆம்பியர் அளவுக்கு வந்துவிடும். 40 வாட் என்றால் 14 ஆம்பியர்தான். ஆகவே ஒற்றைப் பேட்டரி என்றால் 40 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால் இரட்டைப் பேட்டரி மோட் வாங்குங்கள். அப்படி வாங்கினால் இரண்டு பேட்டரிகளையும் புதிதாக ஒரே நாளில் வாங்கி, எப்போதும் ஜோடியாகவே சார்ஜ் செய்து, ஜோடியாகவே பயன்படுத்த வேண்டும். ஒன்று பழையது ஒன்று புதியது என்று கலக்கவே கூடாது.

அந்தக் கடைக்காரர் சேர்த்துத் தருவதாகச் சொன்ன பேட்டரியின் பெயர் என்ன?

பாயான்பாரு தம்பி எழுதியது:

நன்றி அண்ணா. பெயர் நினைவில் இல்லை. உறையில் 40 ஆம்பியர், 3500 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தது.

செந்தூல் கம்பிக்காரர் எழுதியது:

அதைத் தொடவே வேண்டாம். பொதுவாகக் கொள்ளளவு கூடினால் இழுக்கக்கூடிய மின்னோட்டம் குறையும், இது இந்த வகைப் பேட்டரிகளின் இயல்பு. சாம்சங் 25ஆர் 20 ஆம்பியர், 2500 மில்லி ஆம்பியர் மணி. எல்ஜி எச்ஜி2 20 ஆம்பியர், 3000. இரண்டும் பெயர் பெற்ற தொழிற்சாலைகளில் செய்தவை. அவற்றாலேயே முடியாததை, யாரோ வாங்கி உறை மாற்றி விற்கும் பேட்டரி செய்துவிடுமா? பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் டார்ச் விளக்குப் பேட்டரிகளில் 9900 என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள், அவையும் இதே கதைதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்தப் பெரிய நிறுவனங்கள் தங்கள் பேட்டரிகளைத் தனியாக, பாதுகாப்புச் சுற்று இல்லாமல், வேப் கருவிகளில் போட வேண்டாம் என்றே எச்சரிக்கின்றன. நாம் அதைத் தெரிந்துகொண்டுதான் பயன்படுத்துகிறோம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பேட்டரியின் வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை. மேலே உள்ள நேர்முனைக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய வளையமும் பிளாஸ்டிக் உறையும்தான் இருக்கின்றன. உறையில் சிறு கிழிசல் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். புது உறை சில காசுக்குக் கிடைக்கும், வெப்பக் காற்று இயந்திரம் கூட வேண்டாம், முடி உலர்த்தியே போதும். சாவிக்கொத்தும் சில்லறையும் இருக்கும் பையில் பேட்டரியைப் போடுவது தீ வைப்பதற்குச் சமம். பிளாஸ்டிக் பெட்டி இல்லாமல் பேட்டரி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள்.

பூடு மல்டிமீட்டர் எழுதியது:

கோலாலம்பூருக்கு வருகிறவர்கள் பூடுவில் ஜாலான் பசார் பக்கம் போங்கள். மின்னணு உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மல்டிமீட்டர், நுண் திருப்புளி, பக்கவாட்டு வெட்டுக்குறடு எல்லாம் வேப் கடையில் கேட்கும் விலையைவிடக் குறைவு. ஆனால் சாதாரண மல்டிமீட்டர் அரை ஓமுக்குக் கீழே சரியாகக் காட்டாது, அதன் கம்பிகளுக்கே கொஞ்சம் தடை இருக்கிறது. காயிலுக்கு என்று தனியாக விற்கும் ஓம் மீட்டர் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

பட்டர்வொர்த் தாதி எழுதியது:

நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். தம்பி, உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது இரண்டு வயதுக் குழந்தை. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நிக்கோட்டின் கலந்த திரவம் குழந்தைக்கு நஞ்சு. பழ வாசனை, இனிப்பு, வண்ண மூடி, எல்லாம் அந்த வயதுப் பிள்ளையை அழைக்கிற பொருள்கள். கொஞ்சம் விழுங்கினாலும் வாந்தி, வியர்வை, தள்ளாட்டம் வரும், வலிப்பு வரை போகலாம். தோலில் பட்டாலும் உள்ளே இறங்கும். திரவப் புட்டி, காயில் வெட்டிய துண்டுகள், ஊறிய பழைய பஞ்சு, எல்லாவற்றையும் பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். ஊறிய பஞ்சைத் திறந்த குப்பைத்தொட்டியில் போடுவதும் தவறு. குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 999ஐ அழையுங்கள் அல்லது அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது. மருத்துவர்கள் அவர்களிடம் ஆலோசனை கேட்பார்கள். புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது உங்களைப் பற்றி. சிகரெட்டை விட்டது நல்லது. அதை நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் நிக்கோட்டின் பழக்கம் நிக்கோட்டின் பழக்கம்தான். அதைப் பொழுதுபோக்கு என்று அலங்கரித்தால் விடுவது இன்னும் கடினமாகும் என்பது என் பயம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இத்தனை ஆண்டுகளாக இதைத் தடை செய்யச் சொல்லிப் போராடுவது சும்மா இல்லை. விட வேண்டும் என்று தோன்றினால் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் எம்குவிட் சேவை இருக்கிறது.

இதுவரை புகைக்காத ஒருவர் இந்த உரையாடலைப் படித்து ஆசைப்பட்டால், தயவுசெய்து தொடங்காதீர்கள்.

பாயான்பாரு தம்பி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதை மனைவியிடமும் படித்துக் காட்டினேன். பூட்டுள்ள அலமாரி ஒன்று இன்றே ஏற்பாடு செய்துவிட்டேன், குழந்தை இருக்கும்போது வீட்டுக்குள் புகைவிடுவதில்லை என்றும் பேசி முடிவெடுத்துவிட்டோம்.

நிக்கோட்டினைப் பற்றி: பாட் கருவியில் தொடங்கிய அளவிலிருந்து இறங்கி இப்போது ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள திரவம் பயன்படுத்துகிறேன். நிக்கோட்டினே இல்லாததற்கு இறங்க வேண்டும் என்பதுதான் திட்டம். என்னை இழுப்பது கைவேலை.

செந்தூல் கம்பிக்காரர் எழுதியது:

தாதி அக்கா சொன்னதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். நிக்கோட்டின் இல்லாத திரவத்தோடு இந்தப் பொழுதுபோக்கைத் தொடர்கிறவர்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. தம்பி அந்த வழியில் போவது எனக்கு மகிழ்ச்சி.

இனி கைவேலைக்கு வருவோம். ஒற்றைக் காயில் போடும், மேல்பக்கம் காற்று வாங்கும் ஆர்.டி.ஏ. (RTA, காயிலை நாமே போட்டுக்கொள்ளும் டாங்க்) ஒன்று வாங்குங்கள். காற்று ஓட்டை கீழே உள்ள டாங்க்கில் பஞ்சைச் சரியாக வைக்கத் தெரியும் வரை திரவம் ஒழுகிக்கொண்டே இருக்கும், சட்டைப் பை நனையும், வெறுத்துப் போய்விடும். மேல் காற்று என்றால் அந்தத் தொல்லை குறைவு.

கம்பியில் காந்தல் ஏ1 வாங்குங்கள். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது, மன்னிக்கிற கம்பி. சூடேறினாலும் அதன் தடை பெரிதாக மாறாது. அதனாலேயே வெப்பக் கட்டுப்பாட்டு முறைக்கு அது உதவாது. அந்த முறை தடை மாறுவதை வைத்துத்தான் வெப்பத்தை ஊகிக்கிறது. அதற்கு 316எல் துருப்பிடிக்காத எஃகு, நிக்கல் 200, டைட்டானியம் என்று வேறு கம்பிகள் இருக்கின்றன. நிக்கலையும் டைட்டானியத்தையும் பஞ்சில்லாமல் சிவக்கச் சூடாக்கக் கூடாது. இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

24 கேஜ் தடிமனுள்ள காந்தலை 3 மில்லிமீட்டர் தண்டில் ஆறு சுற்று சுற்றினால் கால்களையும் சேர்த்து 0.5 ஓமுக்குச் சற்று மேலே நிற்கும். 30 முதல் 40 வாட் வரை நன்றாக வேலை செய்யும். சுற்றும்போது கம்பி விறைப்பாக இருக்க வேண்டும், ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறக் கூடாது. கால்களை ஆர்.டி.ஏ.வில் உள்ள தூண்களில் மாட்டித் திருகாணியை இறுக்குங்கள்; அளவுக்கு மீறி இறுக்கினால் மெல்லிய கம்பி அறுந்துவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காலை ஒட்ட வெட்டுங்கள். ஷார்ட் ஆவதற்கு முதல் காரணமே அந்த நீட்டல்தான். பிறகு தண்டைக் காயிலுக்குள் விட்டு, காயில் நடுவில், சுவரைத் தொடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். அது முடிந்த பிறகுதான் மோட்டில் வைக்க வேண்டும்.

10, 15 வாட்டில் வைத்துப் பொத்தானை விட்டு விட்டு, சிறிது சிறிதாக அழுத்துங்கள். காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே சீராகச் சிவந்து பரவ வேண்டும். ஓரத்தில் ஒரு சுற்று மட்டும் முதலில் பளிச்சென்று எரிந்தால் அங்கே கம்பி சரியாக ஒட்டவில்லை. பொத்தானை விட்டதும் பீங்கான் முனை இடுக்கியால் மெல்ல நெருக்குங்கள், மறுபடி சூடாக்குங்கள். இந்த இடத்தில் பொறுமை காட்டுகிறவர்களுக்குச் சுவை கிடைக்கும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்த நேரம் இதுதான்; கோணல்மாணலாக எரிந்த காயில் நெருக்க நெருக்க ஒழுங்குக்கு வருவதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

பஞ்சு: வெளுக்காத, வாசனை சேர்க்காத பருத்திப் பஞ்சு. காயிலுக்குள் இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், காயிலை நகர்த்தும் அளவுக்கு இறுக்கக் கூடாது. இறுக்கினால் திரவம் ஏறாது, காய்ந்த பஞ்சு கருகி முதல் இழுப்பிலேயே தொண்டை எரியும். தளர்ந்தால் ஒழுகும். வால்களைச் சீப்பால் கோதி மெலிதாக்கி, திரவம் வரும் வாய்க்காலை மூடும்படி மட்டும் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். பஞ்சு முழுதும் ஊறும் வரை திரவத்தைச் சொட்டு விட்ட பிறகே டாங்க்கை மூட வேண்டும்.

நம் நாட்டுத் திரவங்களில் மாம்பழமும் குளிர்ச்சியும் கலந்தவை அதிகம், இனிப்பூட்டியும் தாராளம். அந்த இனிப்பு காயிலில் கருப்பாகப் படியும். பஞ்சை எடுத்துவிட்டு, லேசாகச் சூடாக்கி, ஆறவிட்டு, பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள்.

கிள்ளான் பித்தளை எழுதியது:

செந்தூல் அண்ணன் மெக்கானிக்கல் மோட்டைப் பேய் போலக் காட்டிவிட்டார். தம்பி மின்னணுத் தொழிலாளி, ஓம் விதி தெரிந்தவர். கணக்குப் போடத் தெரிந்தவருக்கு என்ன பயம்? சிப் இருக்கும் மோட்டில் எல்லாவற்றையும் சிப்பே பார்த்துக்கொள்கிறது, கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நான் மெக்கானிக்கலில் தொடங்கினேன், அதனால்தான் பேட்டரியை மதிக்கக் கற்றேன்.

செந்தூல் கம்பிக்காரர் எழுதியது:

கணக்கு தெரிவதும், கையில் ஷார்ட் இல்லாமல் காயில் போடத் தெரிவதும் வெவ்வேறு திறமைகள். முதல் திறமை தம்பிக்கு இருக்கிறது, இரண்டாவது கை பழகினால்தான் வரும். பழகும் காலத்தில் கால் இடிக்கும், திருகாணி தளரும். அந்தத் தவறுகளை மன்னிக்கிற கருவியில் அவை நடக்கட்டும்.

ஹைப்ரிட் இணைப்பு உள்ள குழாய் மோட்டில், மேலே மாட்டும் டாங்க்கின் நடு ஊசி நேரே பேட்டரியில் அமர்கிறது. அந்த ஊசி வெளியே துருத்தி நிற்காவிட்டால் ஊசியும் மரையும் ஒரே நேரத்தில் பேட்டரியைத் தொடும். பொத்தானை அழுத்தியதும் நேரடி ஷார்ட். குழாய்க்குள் அடைபட்ட பேட்டரி வாயு கக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் கடையில் வாங்கிய எந்த டாங்க்கையும் எடுத்து அதில் மாட்டிவிட மாட்டார் என்று எப்படி நம்புவது?

கிள்ளான் பித்தளை எழுதியது:

ஊசி விஷயம் சரி, அதை நானும் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்றைக்குமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தம்பி, ரெகுலேட்டட்டில் கை பழகிய பிறகு வருவதானால், வாயு வெளியேறும் துளைகள் போதிய அளவு உள்ளதா, பொத்தானுக்குப் பூட்டு வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பூட்டாமல் பையில் வைக்கக் கூடாது. மரைகளையும் தொடுமுனைகளையும் அடிக்கடி துடைத்துச் சுத்தமாக வையுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் எழுதியது:

சட்டத்தையும் யாராவது சொல்ல வேண்டும். 2023 மார்ச் 31இல் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், மறுநாளிலிருந்து மில்லிலிட்டருக்கு 40 சென் வரி வந்தது. ஆனால் சிறுவர்களுக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம் அதோடு வரவில்லை. அந்த இடைவெளி இன்றும் என்னைக் கோபப்படுத்துகிறது. புகைப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் 852ஆம் சட்டம் 2024 அக்டோபர் 1இல்தான் நடப்புக்கு வந்தது. இப்போது 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது, இணையத்தில் விற்கவும் கூடாது. திரவம் சுகாதார அமைச்சில் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும், கருவியில் சிரிம் (தரநிர்ணய அமைப்பு) முத்திரை இருக்க வேண்டும். உணவுக்கடையில் சிகரெட்டுக்கு உள்ள தடை வேப்புக்கும் உண்டு. நாசி கண்டார் கடை மேசையில் உட்கார்ந்து புகைவிட்டால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம்.

ஜோகூர், கிளந்தான் மாநிலங்களில் விற்பனைக்கு நெடுங்காலமாகவே தடை. மற்ற மாநிலங்களும் அந்த வழியில் போகின்றன. பயணத்துக்கு முன் நிலவரத்தைப் பாருங்கள்.

பாயான்பாரு தம்பி எழுதியது:

பள்ளி விடுமுறையில் ஹாட்யாய் போவோம். கருவியைக் கொண்டு போகலாமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் எழுதியது:

வேண்டாம். தாய்லாந்தில் இறக்குமதியே தடை. சிங்கப்பூரில் 2018 முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். ஊருக்குப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும்: இந்தியா 2019இல் சட்டம் போட்டு இறக்குமதியையும் விற்பனையையும் நிறுத்திவிட்டது, சென்னை விமானத்துக்கு முன் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உள்நாட்டு விமானம் என்றால் கருவியும் பேட்டரியும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போடக் கூடாது.

பட்டர்வொர்த் தாதி எழுதியது:

கடையில் அல்லாமல் வேறு யாரிடமும் திரவம் வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோர் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெய்க் குப்பிகள், அவற்றில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை நுரையீரலுக்குள் அனுப்பக் கூடாது.

பாயான்பாரு தம்பி எழுதியது:

வாங்கிவிட்டேன். ஒற்றைப் பேட்டரி ரெகுலேட்டட் மோட், மேல் காற்று ஆர்.டி.ஏ., சாம்சங் 25ஆர் இரண்டு, வெளிச் சார்ஜர், ஓம் மீட்டர், காந்தல், பஞ்சு. கூட விற்க முயன்ற ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவியை வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி குப்பைக்குப் போவதைப் பார்க்க என் தொழிலுக்கே பொறுக்கவில்லை. பணம் மிச்சம்கூட இருக்கிறது.

காயில் போட்டேன். ஓம் மீட்டர் ஒரு முறை 0.54 காட்டுகிறது, கையால் அசைத்தால் 0.7க்குத் தாவுகிறது, மறுபடி இறங்குகிறது. இன்னும் மோட்டில் வைக்கவில்லை.

செந்தூல் கம்பிக்காரர் எழுதியது:

வைக்காதது சரி. அளவு தாவினால் பெரும்பாலும் தூணில் ஒரு கால் தளர்ந்திருக்கும். இரண்டு திருகாணிகளையும் கால்வாசிச் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் தாவினால் தளத்தைக் கழற்றி, கீழே நடு ஊசியின் திருகாணி தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கருவியில் எந்திர எண்ணெய் இருக்கும், வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு மாட்டுங்கள். அசைத்தாலும் 0.54லேயே நிற்கும் வரை பஞ்சு போட வேண்டாம். நின்றதும் காயிலைப் படமெடுத்து இங்கே போடுங்கள், கால்கள் வெட்டிய விதத்தைப் பார்க்க வேண்டும்.